வழி தவறிய பணம்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளின் நடுவே அடம்பன் என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், அவ்வூர் விவசாயி ஒருவர் முதலில் தீர்க்க விரும்புவது பசளைக் கடனையும் உழவு இயந்திரக் கூலியையுமே. முன்னாளில் அவர் பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு மன்னார் நகருக்குப் பேருந்து ஏறியிருப்பார். இன்றோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே கைத்தொலைபேசியில் சில இலக்கங்களை அழுத்துகின்றார். நொடிப்பொழுதில் காரியம் முடிந்துவிடுகின்றது.

அந்த இலக்கங்களுள் ஒன்றை அவர் தவறாக அழுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பசளைக் கடைக்காரர், "அண்ணை, காசு எனக்கு வந்து சேரவில்லையே" என்கின்றார். வங்கியோ, "நீங்கள் தந்த இலக்கத்துக்கே அனுப்பியிருக்கிறோம், ஐயா" என்கின்றது. நாட்டின் வேறொரு மூலையில், முன்பின் அறியாத ஒருவருடைய கணக்கில் அத்தொகை போய்க் கிடக்கின்றது. அவரும் அதனைத் திருடியவர் அல்லர். ஒருவர் மீதும் வெளிப்படையான குற்றம் இல்லை; ஆனால் ஒரு போக உழைப்பின் பயன் காணாமற் போய்விட்டது. இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியவர் யார்?

கொடுப்பனவுச் சட்டம் என்று இக்காலத்தில் வழங்கும் கல்வித்துறை முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே வளர்ந்தது என்று கூறினால் அது மிகையாகாது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலுள்ள வழியிற் பணம் தவறினால், களவு போனால், இடையில் நிற்கும் வங்கி முறிந்தால், இழப்பு யார் தலையில் விழும்? கேட்பதற்கு எளிய வினா. இதற்கு விடை காண்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர்கள் உண்டு. அவர்களுள் இலங்கையரான ஒருவருடைய கல்வி வாழ்வு தமிழர்களின் வணிக வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

அவர் கலாநிதி விக்கிரம வீரசூரிய. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று, இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1973ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலொன்று தெகிவளையில் வெளியாயிற்று. அதன் பொருள், இலங்கையில் வட்டித்தொழிலும் வங்கித்தொழிலும் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சிங்களவரான ஒரு சட்ட அறிஞர் தமிழ் வணிகரின் கணக்கு வழக்குகளை ஆராயத் துணிந்தமை வியப்பாகத் தோன்றலாம். உண்மையில், இலங்கையில் வங்கித்தொழிலின் சட்ட வரலாற்றை எழுதப் புகும் எவரும் செட்டியார்களை விட்டுவிட்டு எழுதுதல் இயலாது. கொழும்பிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் தோட்டத் துரைமாரையும் ஏற்றுமதிக் கம்பெனிகளையுமே நேரில் அறிந்தவை. உள்ளூர்க் கடைக்காரருக்கோ சிறு தோட்டக்காரருக்கோ அவ்வங்கிகளின் கதவு திறக்கவில்லை. செட்டியார்கள் வங்கிகளிடம் மொத்தமாகக் கடன் பெற்று, அதனை உள்ளூர் மக்களுக்குச் சில்லறையாகக் கொடுத்து வந்தனர். 1925ஆம் ஆண்டிற் செட்டியார் கடனில் நெருக்கடி தோன்றியபோது நாட்டின் வணிகமே ஆட்டங்கண்டது. 1934ஆம் ஆண்டில் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டதற்கும், 1939ஆம் ஆண்டில் இலங்கை வங்கி தோன்றியதற்கும் பின்னணியில் இவ்வரலாறு நிற்கின்றது.

அவ்வணிகரின் கையிலிருந்த கருவிகளுள் தலையாயது உண்டியல். கோயில் உண்டியலை எல்லாரும் அறிவர், இது வேறு. ஓர் ஊரிலுள்ள கிட்டங்கி, மற்றோர் ஊரிலுள்ள கிட்டங்கிக்கு, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும் என்று எழுதும் ஆணைச்சீட்டே உண்டியல் எனப்பட்டது. இந்தியத் துணைக்கண்டம் எங்கணும் வெவ்வேறு பெயர்களில் வழங்கிய முறை இது. கண்டவுடன் கொடுக்கவேண்டிய தரிசன உண்டியல் ஒன்று. குறித்த தவணை கழிந்தபின் கொடுக்கவேண்டிய தவணை உண்டியல் மற்றொன்று. வட இந்திய வணிகரிடையே ஜோக்மி உண்டி என்று மேலும் ஒரு வகை வழக்கில் இருந்தது. சரக்கு பத்திரமாகக் கரைசேர்ந்தால் மட்டுமே அதன் பணம் கொடுக்கப்படும். கப்பல் கவிழ்ந்தால் பணமும் இல்லை. நட்டம் யாரைச் சேர்வது என்னும் வினாவுக்கு, கப்பல் பாய் விரிக்கும் முன்னரே சீட்டில் விடை எழுதிவிட்டனர் அவ்வணிகர். மாந்தைத் துறைக்கு மரக்கலங்கள் வந்துபோன பண்டைக் காலத்தை எண்ணிப் பார்க்கும் மன்னார்க் கரையோரத்தாருக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

சொல்லொன்று எவ்வாறு நிலைத்து நிற்கின்றது என்பதையும் இங்கே நோக்கலாம். இலங்கைச் சட்டத்தமிழிற் காசோலைக்கும் அதன் இனத்தவற்றுக்கும் உரிய சட்டம், மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் என்றே பெயர் பெற்றிருக்கின்றது. மறுபுறத்தில், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வங்கியின் துணையின்றித் தனியார் மூலம் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் வடபகுதி மக்கள் உண்டியற் காசு என்றே சொல்கின்றனர். முன்னையதற்குச் சட்டத்தின் காவல் உண்டு. பின்னையதற்கு ஆளின் நாணயமே காவல். இடைத்தரகர் கைவிரித்துவிட்டால் வழக்காட ஒரு துண்டுச் சீட்டும் மிஞ்சுவதில்லை.

வீரசூரியவின் வாழ்க்கை செட்டியார்களோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வங்கிச் சட்டம் கற்பித்த அவர், 1976ஆம் ஆண்டில் மற்றோர் ஆசிரியருடன் இணைந்து அந்நாட்டின் வங்கிச் சட்டமும் நடைமுறையும் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பின்னர் தாயகம் திரும்பித் திட்ட அமுலாக்கல் அமைச்சின் செயலாளராகப் பணியாற்றினார்; ஆஸ்திரேலியாவில் இலங்கையின் உயர் ஸ்தானிகராகவும் இருந்தார். முதுமையில் அவர் ஏற்ற பொறுப்பு, காப்புறுதித் துறையின் குறைகேள் அதிகாரி என்பது. காப்புறுதிக் கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது என்று முறையிடுவோரின் கடிதங்களைப் படித்து, இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் பணி அது. பெரும் பதவிகள் வகித்த ஒருவர் இறுதியிற் சாதாரண மனிதரின் முறைப்பாடுகளுக்கு முன்னால் வந்து அமர்ந்தமை, அவருடைய துறையின் இயல்புக்கு மிகவும் பொருந்துவதே.

இனி அத்துறையின் உள்ளே சற்று நுழைவோம். வடபுலத் தமிழரின் முதுசத்துக்கும் சீதனத்துக்கும் தேசவழமை உண்டு. ஆனால் அதே தமிழர் ஒரு காசோலையில் ஒப்பமிடும் கணத்தில் ஆங்கிலச் சட்டத்தின் ஆட்சிக்குள் புகுந்துவிடுகின்றார். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாற்றுண்டியல், காசோலை ஆகியவற்றுக்கும், 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வங்கித்தொழிலுக்கும் இங்கிலாந்தின் சட்டத்தை இலங்கையிற் புகுத்தின. 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமும் இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியதே. ஆகவே, இலண்டன் நீதிமன்றத்திற் சொல்லப்பட்ட தீர்ப்பு மன்னார் நீதிமன்றத்திலும் எடுத்தாளப்படுதல் இயல்பாயிற்று.

காசோலைச் சட்டத்தின் அடிப்படை விதி வாடிக்கையாளருக்குப் பெரிதும் ஆதரவானது. கள்ளக் கையொப்பம் கையொப்பமே அன்று. வாடிக்கையாளர் இடாத ஒப்பத்தை நம்பி வங்கி பணம் கொடுத்தால், அது வங்கி தன் சொந்தப் பணத்தைக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். எனினும் இவ்விதிக்கு எல்லை உண்டு. 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு இதனை நன்கு விளக்கும். ஒரு வணிக நிலையத்தின் எழுதுவினைஞன், இரண்டு பவுணுக்கான காசோலை என்று சொல்லி முதலாளியிடம் ஒப்பம் வாங்கினான். எழுத்தால் தொகை எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இலக்கத்துக்கு இருபுறமும் இடைவெளி இருந்தது. முதலாளி அவசரத்தில் அதனைக் கவனிக்கவில்லை. இரண்டு என்பது நூற்றிருபது ஆயிற்று; பணத்தோடு அவனும் மறைந்தான். நட்டம் முதலாளியினுடையதே என்றனர் நீதியரசர்கள். மோசடிக்குக் கதவைத் திறந்து வைத்தவர், கள்வன் நுழைந்ததற்கு வங்கியைக் குறை கூறல் தகாது என்பது அதன் சாரம். மற்றொரு வழக்கில், மனைவி தன் ஒப்பத்தைக் கள்ளமாக இட்டுப் பணமெடுத்ததை அறிந்தும் வாய்மூடி இருந்துவிட்ட கணவர், பின்னர் வங்கியிடம் கேட்டபோது வெறுங்கையோடு திரும்பினார்.

அவ்வாறாயின் வாடிக்கையாளர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்? 1985ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்ற வழக்கிற் பருத்தி ஆலை ஒன்றின் கணக்காளன் ஏறக்குறைய 300 காசோலைகளில் முதலாளியின் ஒப்பத்தைக் கள்ளமாக இட்டு, 55 இலட்சம் ஹொங்கொங் டொலர் அளவில் எடுத்திருந்தான். மாதந்தோறும் வந்த வங்கிக் கணக்கறிக்கைகளை ஆலையினர் படித்திருந்தால் இது அகப்பட்டிருக்கும் என்று வங்கிகள் வாதிட்டன. அவ்வாறு படித்துப் பார்க்கும் கடமையை வாடிக்கையாளர் மீது சட்டம் சுமத்தவில்லை என்று கோமறைக் கழகம் மறுத்துவிட்டது. நட்டம் வங்கிகளைச் சேர்ந்தது. காசோலை உலகில் நீதி இவ்வாறு வழக்குக்கு வழக்கு, படிப்படியாக, இரு தரப்பாரின் தவறுகளையும் நிறுத்துப் பார்த்து வளர்ந்தது.

அந்த வளர்ச்சி முற்றுப்பெறுவதற்குள் கடதாசியே மறையத் தொடங்கிவிட்டது. ஒப்பம் போய் இரகசிய இலக்கம் வந்தது. கள்ளக் கையொப்பத்தை உற்று நோக்கினால் வேறுபாடு தெரியும். இரகசிய இலக்கத்தை உரியவர் அழுத்தினாலும் கள்வன் அழுத்தினாலும் அதே இலக்கந்தானே! பழைய விதிகளை அப்படியே புதிய களத்தில் நட்டுவிட முடியவில்லை.

இவ்விடத்தில் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்து ஒஸ்குட் ஹால் சட்டப்பள்ளிப் பேராசிரியர் பெஞ்சமின் கேவாவைக் குறிப்பிடுதல் வேண்டும். 1977ஆம் ஆண்டில் அங்கே ஆசிரியரானவர், இலத்திரனியல் நிதி மாற்றச் சட்டம் பற்றி 1992ஆம் ஆண்டிற் பெருநூல் எழுதியவர். சர்வதேச நாணய நிதியத்தின் சார்பிற் பல நாடுகளுக்கு நிதித்துறைச் சட்டங்கள் வரைவதில் ஆலோசனை கூறியிருக்கின்றார். இலங்கையும் அந்நாடுகளுள் ஒன்று. இத்தகையவர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலோ கணினியைப் பற்றியதன்று. பண்டைக் காலத்திலும் இடைக்காலத்திலும் கொடுப்பனவு ஆணை எவ்வாறு இருந்தது என்பதைப் பற்றியது. கிரேக்கர் ஆண்ட எகிப்தில் விவசாயிகள் அரச களஞ்சியங்களில் தானியத்தை இட்டு வைத்தனர். கடன் தீர்க்க விரும்புபவர் தானிய மூடையைச் சுமந்து செல்வதில்லை. தம் பேரிலுள்ளதில் இவ்வளவை இன்னார் பேருக்கு மாற்றுக என்று களஞ்சியக்காரருக்கு எழுதினால் போதும். மூடை அசையவில்லை, கணக்கு மட்டும் மாறியது. அடம்பன் விவசாயி கைத்தொலைபேசியிற் செய்வதும் இதுவே என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது.

பணம் பறந்து செல்கின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. வங்கியில் இட்ட பணம் வங்கிக்கே உரியது. வங்கி வாடிக்கையாளருக்குக் கடன்காரர் மட்டுமே என்று 1848ஆம் ஆண்டிலேயே பிரபுக்கள் சபை தீர்த்துவிட்டது. ஆகவே இலத்திரனியல் மாற்றத்தின்போது, ஒரு வங்கி ஒருவருக்குப் பட்ட கடன் குறைகின்றது. மற்றொரு வங்கி வேறொருவருக்குப் பட்ட கடன் கூடுகின்றது. இரு வங்கிகளும் தமக்குள் உள்ள கணக்கை மத்திய வங்கியிலுள்ள ஏடுகளில் தீர்த்துக்கொள்கின்றன. காசோலையில் பணம் பெறுபவரே ஆணையைக் கையில் ஏந்திச் சென்று பணத்தை இழுக்கின்றார். இலத்திரனியல் மாற்றத்திற் கொடுப்பவர் பணத்தைத் தள்ளிவிடுகின்றார். தள்ளுபவருக்கு முன்னால் பெறுபவரின் முகம் இல்லை, ஓர் இலக்கம் மட்டுமே இருக்கின்றது.

இடையில் வங்கியே முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் ஒரு நாளிற் கண்டது. 1974ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி ஜேர்மனியின் ஹெர்ஷ்டட் வங்கி மூடப்பட்டது. அதனிடம் மார்க் நாணயம் கொடுத்து, அதற்கு ஈடான டொலரை நியூயோர்க்கிற் பெறக் காத்திருந்த வங்கிகளுக்கு டொலர் வரவேயில்லை. கொடுத்த பணம் எந்தக் கணத்தில் மீளாத பணம் ஆகின்றது என்பதைச் சட்டம் ஐயமின்றிச் சொல்லுதல் வேண்டும் என்னும் உணர்ச்சி இதன்பின் வலுப்பெற்றது. இலங்கையும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டில் வங்கிகளிடையிலான பெருந்தொகைகளை அவ்வப்போதே தீர்க்கும் முறைமை தொடங்கிற்று. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் நிறைவேறிற்று. அதன் பயனாக 2006ஆம் ஆண்டிலிருந்து, காசோலையைச் சுமந்து செல்லாமல் அதன் படிமத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் வழக்கம் வந்தது. தெற்காசியாவில் இதனை முதலிற் செய்த நாடு இலங்கையே. 2015ஆம் ஆண்டில் பொதுமக்களின் பணமும் நொடியில் வங்கிவிட்டு வங்கி மாறும் வசதி ஏற்பட்டது.

வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலுள்ள வழி இவ்வாறு செப்பனிடப்பட்டது. வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் இடையிலுள்ள வழியோ இன்னும் மேடுபள்ளமாகவே இருக்கின்றது. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் மோசக்காரனைத் தண்டிக்கும். அவன் அகப்படாதபோது இழந்தவர் கதி என்ன? அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் இதனை எண்ணிட்டுச் சொல்கின்றது: அட்டை களவு போனதை அறிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், வாடிக்கையாளரின் இழப்பு 50 டொலருக்கு மேற்படாது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு யூலை மாதம் விதித்த ஏற்பாட்டின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாது வேறெங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பே இல்லை. தவறு வாடிக்கையாளருடையது என்பதை மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியைச் சேர்ந்தது. இலங்கையிலும் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென 2023ஆம் ஆண்டில் மத்திய வங்கி ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. ஆயினும் அந்த 50 டொலர் போன்று, சாதாரண மனிதர் மனனம் செய்துகொள்ளத்தக்க ஓர் எண், மேற்சொன்ன 2005, 2006ஆம் ஆண்டுச் சட்டங்களில் இல்லை. அது ஒரு குறையே.

ஏமாற்றப்பட்டவர் தாமே பணத்தை அனுப்பிவிட்டால் நிலைமை மேலும் கடினம். 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், மோசக்காரரின் தொலைபேசிப் பேச்சை நம்பிய ஒரு தம்பதியர் ஏழு இலட்சம் பவுணைத் தாமே வங்கிக்கு ஆணையிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டனர். வாடிக்கையாளரின் தெளிவான ஆணையை நிறைவேற்றுவதே வங்கியின் கடமை. அந்த ஆணை அறிவுடையதா என்று ஆராய்தல் அன்று எனத் தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் சட்டவிதி கைகொடுத்தது. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி முதல், அந்நாட்டுக்குள் நிகழும் இத்தகைய மோசடிகளில் 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுத்தல் கட்டாயமாயிற்று.

அடம்பன் விவசாயியிடம் மீள்வோம். பெயரும் இலக்கமும் முரண்பட்டால் எதனை நம்புவது? அமெரிக்கச் சட்டம், முரண்பாட்டை அறியாத வங்கி இலக்கத்தை நம்பலாம் என்கின்றது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு முதல், பணம் அனுப்புமுன் அக்கணக்குக்குரியவரின் பெயர் பொருந்துகின்றதா என்று காட்டும் ஏற்பாடு பெரிய வங்கிகளில் உண்டு. எளிய ஏற்பாடுதான், ஆனால் எத்தனை வழக்குகளைத் தொடங்குமுன்னரே முடித்துவிடும்! பசளைக் கடைக்காரரைப் பொறுத்தவரை, கடன் இன்னும் தீரவில்லை என்று அவர் கூறுவது சட்டப்படி சரியே. அயலார் கணக்கில் இட்ட பணம் அவருக்குக் கொடுத்ததாகாது.

பணத்தைப் பெற்றுவிட்ட அந்த அயலவரோ அதனைத் தம்முடையதென்று வைத்துக்கொள்ள முடியாது. இங்கே கைகொடுப்பது ஆங்கிலச் சட்டமும் அன்று, கணினிச் சட்டமும் அன்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-ஒல்லாந்தச் சட்டம். செலுத்தவேண்டிய கடன் இல்லாதிருக்கத் தவறுதலாகச் செலுத்தப்பட்டதை மீட்பதற்கு அச்சட்டம் கொண்டிக்சியோ இன்டெபிட்டி என்னும் வழக்குரிமையைத் தருகின்றது. உரோம நகரத்து நீதிமான்கள் வகுத்த பரிகாரம் வன்னிப் பெருநிலத்து விவசாயிக்கு இன்றும் உரியது. ஆனால் வழக்கென்றால் காலமும் செலவும் ஆகும். ஆதலால் அவர் முதலிற் செய்யவேண்டியது, பணம் போன நேரத்தையும் கொடுக்கல் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே தம் வங்கிக்கு எழுத்தில் அறிவித்தல். தம் வங்கி மற்ற வங்கிக்கு எழுதும். அப்பணம் எடுக்கப்படாதிருந்தால், கணக்குக்குரியவரின் சம்மதத்தோடு திரும்பி வருதல் கூடும். வங்கியின் மறுமொழி திருப்தி அளிக்காவிட்டால், 2003ஆம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கிவரும் நிதிக் குறைகேள் அதிகாரிக்கு முறைப்பாட்டை அனுப்பலாம். வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும், வங்கி தந்த மறுமொழியையும் அதனுடன் இணைத்தல் வேண்டும்.